வால் பக்கம் இருந்த மோட்டார் வயிற்றுக்கு வந்த வரலாறு

ஆதியில் வண்டு இருந்தது, ஃபோக்ஸ்வாகன் வண்டு. ஃபெர்டினாண்ட் போர்ஷே அதன் எஞ்சினைப் பின்னால் வைத்துவிட்டுப் போய்ச் சேர்ந்தார். 1960-களில் புரூஸ் மையர்ஸ் என்ற கலிஃபோர்னியாக்காரர் வண்டின் சட்டையைக் கழற்றி, ஃபைபர் பனியன் மாட்டி, மணல்மேட்டில் விரட்டினார். அந்தக் கூத்தையெல்லாம் பார்த்த ஜப்பானின் டமியா, 1979-ல் ‘சேண்ட் ஸ்கார்ச்சர்’ என்று பத்தில் ஒரு பங்கு அளவில் ரேடியோ கார் செய்து விற்றது. மோட்டார் எங்கே? பின்னால்தான். ஏன்? வண்டில் அப்படித்தானே இருந்தது! மாமியார் வைத்த இடத்தில் அம்மிக்கல்.

1984-ல் அசோசியேட்டட் கம்பெனிக்காக ரோஜர் கர்ட்டிஸ் வடிவமைத்த ஆர்சி10 என்ற ரேடியோ கார் வந்தது. தங்க நிற அலுமினியத் தட்டு, பார்த்தாலே கன்னத்தில் போட்டுக்கொள்ளத் தோன்றும். மறுவருஷமே கலிஃபோர்னியாவின் டெல் மாரில் நடந்த, மண்தட ரேடியோ கார்களுக்கான முதல் உலகப் போட்டியில் ஜே ஹால்ஸி அதை ஓட்டி ஜெயித்தார். அதிலும் மோட்டார் பின் அச்சைத் தாண்டி வால் மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. ஜெயித்தவன் வாலை யார் வெட்டச் சொல்வார்கள்?

நியாயமாகச் சொன்னால் அதில் அர்த்தமும் இருந்தது. அன்றைய பந்தயத் தடம் புழுதிக்காடு. பின்சக்கரம் இரண்டும் மண்ணைக் கவ்வ, மேலே கனம் வேண்டும். வளைவில்தான் வினை. முன்சக்கரங்கள் பவ்யமாகத் திரும்பியிருக்கும். த்ராட்டிலைத் தொட்டதும் மூக்கு லேசாகி, வண்டி நேரே போய் ஓரக் குழாயில் முட்டி நிற்கும்.

பிறகு தடங்கள் வீட்டுக்குள் குடியேறின. கார்ப்பெட், செயற்கைப் புல், அறைந்து இறுக்கிய களிமண். பிடிமானம் கொட்டிக் கிடந்தது. ஆறு செல் பேட்டரி போய்ப் பாதி நீள லிப்போ வந்ததும் வயிற்றில் இடம் காலியானது. கியர்பாக்ஸை அரைவட்டம் திருப்பி, மோட்டாரை அச்சுக்கு முன்னால் இறக்கினார்கள். 2011-ல் டிஎல்ஆர் 22 என்ற வண்டி, எந்தக் கட்சிக்கும் விரோதமில்லாமல், பின்னாலும் நடுவிலும் பூட்ட ஒரே பெட்டியில் பாகங்கள் கொடுத்தது. 2014-ல் அசோசியேட்டட் பி5, பி5எம் என்று இரட்டைப் பிள்ளை பெற்றது. மறுவருஷம் ஜப்பானின் யடாபேயில் ஸ்பென்சர் ரிவ்கின் நடுமோட்டார் பி5எம்மில் உலகப் பட்டம் வாங்கினார். வால் கட்சி டெபாசிட் இழந்தது.

சண்டை ஓய்ந்ததா? இல்லை, பல்சக்கரம் எத்தனை என்று ஆரம்பித்தது. கியர்பாக்ஸுக்குள் மூன்றா, நான்கா? (வெளியே இருக்கும் பினியனும் ஸ்பரும் கணக்கில் வராது; அவை பந்தலுக்கு வெளியே நிற்கும் பங்காளிகள்.) பல்லோடு பல் சேரும் ஒவ்வொரு இடத்திலும், வெளியே பங்காளிகள் சேரும் இடம் உட்பட, சுழற்சி எதிர்ப்பக்கம் மாறும். மூன்று என்றால் மோட்டார் சக்கரத்துக்கு எதிர்த் திசையில் சுழலும். நான்கு என்றால் அதே திசையில். மோட்டார் ஒரு பக்கம் வேகமெடுத்தால் வண்டி மறுபக்கம் உதைபடும். ஆகவே நான்கு போட்டவருக்கு மூக்கு தூக்கி, பின்பக்கம் அழுந்தும்: வழுக்கும் மண்ணுக்கு வரம். மூன்று போட்டவருக்கு மூக்கு அடங்கும்: கார்ப்பெட்டுக்கு அதுதான் சரி. ‘ஒரு பல்சக்கரம் கூடினால் தேய்மானமும் கூடும்’ என்று மூன்று கட்சி முணுமுணுத்தது, உண்மைதான்.

அடுத்த வழக்கு, கோலம். பெருமாளுக்கு நின்ற, இருந்த, கிடந்த என்று மூன்று திருக்கோலம் இருப்பதுபோல கியர்பாக்ஸுக்கும் மூன்று. மோட்டார் உயரே நின்றால் பின்பாரம் கூடி, வண்டி நன்றாகச் சாய்ந்து பிடிக்கும். கீழே படுத்தால் கனம் தரையோடு ஒட்டும். கார்ப்பெட்டில் குட்டிக்கரணம் போடாது. இரண்டுக்கும் நடுவே ஈஸிசேரில் சாய்ந்த மாதிரி ஒன்று; முடிவெடுக்கத் தெரியாதவர்களுக்கு. 2016-ல் வந்த அசோசியேட்டட் பி6 படுத்த கோலம், மண்ணுக்கான பி6டி நின்ற கோலம்.

என் தீர்ப்பு: உங்கள் ஊர்த் தடத்தில் செருப்பைத் தேய்த்துப் பாருங்கள். வழுக்கினால் நிற்க வையுங்கள், வழுக்காவிட்டால் படுக்கப் போடுங்கள். மூன்றை நான்காக மாற்றினால் ஸ்பீடு கண்ட்ரோலரில் மோட்டார் திசையையும் மாற்ற வேண்டும். நான் மறந்தேன், முன்னால் போக வேண்டிய ஒன்றரைக் கிலோ என் முழங்காலை நோக்கி வந்தது. முதல் தடவை த்ராட்டிலை அழுத்தும்போது, தயவுசெய்து, வண்டிக்குப் பின்னால் நிற்காதீர்கள்.