முட்டியை நீட்டும் சொந்தங்கள்

பிசியோதெரபி படிக்க எஸ்.பி.எம். தேர்வில் உயிரியல் நன்றாக வந்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். அது கல்லூரிக்குள் நுழைவதற்கு. கல்லூரிக்கு வெளியே தாக்குப்பிடிக்க, கல்யாண வீட்டில் யார் கண்ணிலும் படாமல் சாப்பிட்டுவிட்டு நழுவும் திறமை வேண்டும்.

நான் சேர்ந்த செய்தி பரவியதும் கிள்ளானில் எங்கள் சொந்தம் இரண்டு கட்சியானது. "மெடிக்கல் கிடைக்கலையாம்மா?" என்று துக்கம் விசாரித்தது ஒரு கட்சி. "உருவி விடுறதுக்கு எதுக்கு நாலு வருசப் படிப்பு? பிரிக்பீல்ட்ஸ்ல கண்ணு தெரியாதவங்களே எவ்வளவு அருமையா செய்யிறாங்க!" என்றது இன்னொன்று. அதற்குத் தலைவர் பெரிய மாமா.

பிரிக்பீல்ட்ஸின் பெருமையை நான் மறுக்கவில்லை. 1951-இல் தொடங்கப்பட்ட மலேசியப் பார்வையற்றோர் சங்கம் அங்கேதான் இருக்கிறது. அந்த வட்டாரத்தில் மசாஜ் செய்யும் பார்வையற்றவர்களின் விரல் சட்டென்று கண்டுபிடிக்கும் தசை இறுக்கத்தை, நாங்கள் படத்தைப் பார்த்துத்தான் தேடுகிறோம். பிசியோ தொழிலுக்கே மசாஜ்தான் தாய்வீடு. லண்டனில் மசாஜ் என்ற பெயரில் நடந்த கூத்துகள் சந்தி சிரித்தபோது, முறையாகப் பயின்றவர்களின் மானத்தைக் காக்க 1894-இல் நான்கு தாதியர் ஒரு சங்கம் தொடங்கினார்கள். அதுதான் வளர்ந்து இன்றைய பிரிட்டிஷ் பிசியோதெரபி சங்கமானது. இந்த வரலாறு பெரிய மாமா காதுக்கு இன்னும் போகவில்லை. போகவும் கூடாது.

உடம்பில் 206 எலும்பு. அதில் 106 கைகளிலும் பாதங்களிலுமே இருக்கின்றன. அத்தனையையும் மனப்பாடம் செய்தேன். சொந்தக்காரர்களுக்கு வலிப்பதோ இடுப்பும் முட்டியும் மட்டும். மூட்டு எத்தனை பாகை மடங்குகிறது என்று அளக்கும் கோனியோமீட்டரை வீட்டுக்குக் கொண்டுவந்த புதிதில் அம்மா ஆசையாகக் காலை நீட்டினார். இப்போது அதைப் பையிலிருந்து எடுத்தாலே அடுப்பில் ஏதோ தீய்கிறது என்று எழுந்து போய்விடுகிறார்.

மருத்துவமனைப் பயிற்சிக்குப் போனால் உருவும் வேலை கொஞ்சம்தான். பக்கவாதம் வந்தவரைக் கட்டிலில் உட்கார வைப்பது, நெஞ்சுச் சளியை வெளியேற்ற உதவுவது, அறுவைச் சிகிச்சை முடிந்த மறுநாளே "எழுந்து நடங்க ஐயா" என்று சொல்லித் திட்டு வாங்குவது என்று பொழுது போகும். நோயாளியைப் படுக்க விடாததற்குச் சம்பளம் தரும் தொழில் இது.

அந்தத் திட்டுகூடப் பரவாயில்லை. பெரியம்மாவுக்கு முட்டிவலி. துண்டைச் சுருட்டி முட்டிக்கு அடியில் வைத்து, கீழே அழுத்தி, ஐந்து எண்ணிவிட்டுத் தளர்த்தச் சொன்னேன். தொடைத் தசை பலப்பட்டால் முட்டிக்குப் பாரம் குறையும் என்று விளக்கினேன். அடுத்த வாரம் கேட்டால், "எங்கம்மா நேரம்? நீயே கொஞ்சம் தைலம் போட்டு விடு" என்கிறார். வீட்டு மாடிப்படி ஏற முடியாத அதே பெரியம்மா, தைப்பூசத்துக்குப் பத்துமலையின் 272 படியையும் ஏறி இறங்கினார். முருகன் ஏற்றிவிட்டதாகச் சொன்னார். இறங்கிய பிறகு வந்த வலி மட்டும் என் பொறுப்பு.

நாட்டில் இதற்கெல்லாம் சட்டம் உண்டு. 2016-இல் இயற்றிய துணைச் சுகாதாரத் தொழில்கள் சட்டம் 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. அந்தச் சட்டப்படி அமைந்த மன்றத்தில் பதிவு செய்யாமல் யாரும் பிசியோவாகத் தொழில் செய்ய முடியாது. "நான் இன்னும் பதிவு செய்யலை பெரியம்மா" என்று சட்டம் பேசிப் பார்த்தேன். "நம்ம வீட்டுக்குள்ள என்ன பதிவு?" என்று காலை இன்னும் நன்றாக நீட்டினார்.

இந்தப் படிப்புக்கு வர நினைக்கும் தம்பி தங்கைகள் தைரியமாக வாருங்கள். உங்கள் சொந்தத்தில் ஏற்கெனவே ஒரு பிசியோ பிள்ளை இருந்தால், அந்தப் பிள்ளை போன வாரம் சொன்ன பயிற்சியைச் செய்துவிட்டு அப்புறம் காலை நீட்டும்படி வீட்டுப் பெரியவர்களிடம் சொல்லுங்கள். வலி பாதி குறையும். வீட்டுக்கு வரும் பிள்ளையும் பின்வாசலைத் தேடாது.