ஐ ஆம் வெரி இன்ட்ரஸ்டிங், சார்

ஒரகடம் தொழிற்பேட்டைக்கு நேர்காணலுக்கு வரும் டிப்ளமா பையன் "ஐ ஆம் வெரி இன்ட்ரஸ்டிங், சார்" என்கிறான். மனிதவள அதிகாரி உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்குகிறார். செய்யாறில் விடியுமுன் பஸ் ஏறி, அரியர் எல்லாவற்றையும் ஒருவழியாக முடித்து வந்து நிற்பவன் சுவாரஸ்யமானவன் இல்லையென்றால் வேறு யாராம்?

இலக்கணம் என்னவோ எளிதுதான். உணர்ச்சியைக் கிளப்பிவிடுவது 'இங்', அனுபவிப்பது 'எட்'. நைட் ஷிஃப்ட் டயரிங், ஆள் டயர்ட். "ஐ ஆம் போரிங்" என்றால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகிவிடும். தமிழில் இந்த வம்பே கிடையாது. 'எனக்குப் போரடிக்குது' என்றால் அடிபட்டவர் யாரென்று தெரியும். அடித்தவரை யாரும் விசாரிப்பதில்லை. நிர்வாகங்களுக்கு இதைவிடத் தோதான மொழி கிடைக்குமா?

2021 டிசம்பரில், ஆப்பிளுக்கு ஐபோன் செய்துதரும் ஃபாக்ஸ்கான் ஆலைப் பெண்கள் விசாரித்தார்கள். விடுதிச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் 150க்கும் மேற்பட்டோர் ஆஸ்பத்திரிக்குப் போக, மற்றவர்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்துவிட்டார்கள். மூடிய ஆலை ஜனவரியில்தான் திறந்தது. விடுதிகள் தன் தரத்துக்கு இல்லை என்பது ஆப்பிளுக்கும் அப்போதுதான் தெரிந்தது. 2024இல் சாம்சங் தொழிலாளர்கள் சங்கத்துக்கு அங்கீகாரம் கேட்டு ஒரு மாதத்துக்கு மேல் வேலைநிறுத்தம் செய்தார்கள். இத்தனை நாளும் 'எட்' வரிசையில் நின்றவர்கள் திடீரென்று 'இங்' ஆனால் அலுவலக ஆங்கிலமே தடுமாறும். ஷாக்ட் ஆனவர்கள் ஏசி அறையில் இருந்தார்கள். ஷாக்கிங் ஆனவர்கள் போராட்டப் பந்தலில். பந்தலையும் அக்டோபரில் போலீஸ் பிரித்துப்போட்டது.