வெள்ளையடித்த வெள்ளித்திரை

1905-இல் சாமிக்கண்ணு வின்சென்ட் ஒரு பிரெஞ்சுக்காரரிடம் புரொஜெக்டர் வாங்கி, கூடாரம் போட்டு ஊர் ஊராகப் படம் காட்டினார். சுவரை நம்பாத புத்திசாலி.

மயிலாப்பூர் ஃபிளாட்டில் நமக்குச் சுவரே திரை. கடைத் திரை விலை அதிகம், பெயிண்ட் மலிவு என்பது கணக்கு. நூறு அங்குலத் திரைக்கு 87 அங்குல அகலம், 49 அங்குல உயரம் மேடுபள்ளமில்லாத சுவர் வேண்டும். மட்டப்பலகை வைத்த பிறகுதான் தெரிந்தது, பில்டர் எழுப்பியது சுவரல்ல, மெரினா அலை என்று. பட்டி பார்த்து, உப்புத்தாள் தேய்த்து, பிரைமர் அடித்து, மேட் வெள்ளை இரண்டு கோட்டிங். பளபளக்கும் பெயிண்ட் ஆகாது. கதாநாயகன் மூக்கில் புரொஜெக்டர் பல்பு உதிக்கும்.

ஓரத்துக்குக் கறுப்பு வெல்வெட் வாங்க ரங்கநாதன் தெருவுக்குக் குடும்பத்தோடு போனதில் இரண்டு புடவையும் சேர்ந்து வந்தன. கூட்டிப் பார்த்தால் கடைத் திரையே மலிவு.

ஐப்பசி மழையில் திரை நடுவே ஓதம் பூத்தது. எல்லாப் படத்திலும் இப்போது மேகமூட்டம். மிச்ச இடத்தில், “சுவர் சும்மாத்தானேடா இருக்கு” என்று அம்மா ஆணியடித்து முருகன் காலண்டரை மாட்டிவிட்டாள்.

இனி எந்தப் படத்துக்கும் வேலும் மயிலும் துணை.