சைவக் கீரையும் அசைவத் தண்ணீரும்

திருநெல்வேலிக்காரர்களிடம் எந்தச் சிறப்பைப் பற்றி விசாரித்தாலும், அது அல்வாவாக இருந்தாலும் சரி, அம்பாசமுத்திரத்து அரிசியாக இருந்தாலும் சரி, பிள்ளைகள் பரீட்சையில் வாங்கிய மதிப்பெண்ணாகவே இருந்தாலும் சரி, "எல்லாம் தாமிரபரணித் தண்ணி" என்று ஒரே வாக்கியத்தில் காரணம் கூறி முடித்துவிடுவது நெடுங்கால வழக்கம். மண்ணுக்கோ, உழவருக்கோ, கிண்டிக் கிண்டிக் கை சோர்ந்த அல்வாக்காரருக்கோ அந்தப் புகழில் அவர்கள் பங்கு கொடுப்பதில்லை. ஆகையால், மண்ணே வேண்டாம், தண்ணீரிலேயே பயிர் விளையும் என்று போதிக்கும் ஒரு சாஸ்திரம் உலகில் உண்டு என்று கேள்விப்பட்ட மாத்திரத்தில், அது எங்கள் ஜில்லாவில் பிறந்திருக்க வேண்டிய சாஸ்திரம் என்றே எனக்குத் தோன்றியது.

ஆனால் அந்தக் கீர்த்தி வேறு தேசங்களுக்குப் போய்விட்டது. செடி உண்பது மண்ணையல்ல, தண்ணீரில் கரைந்த உப்புக்களையே என்பதை ஜெர்மனியில் சாக்ஸும் நாப்பும் 1860-களிலேயே கண்ணாடிக் குடுவைகளில் நிரூபித்திருந்தார்கள். அதைக் குடுவையிலிருந்து பெரிய தொட்டிக்கு மாற்றி, 'ஹைட்ரோபோனிக்ஸ்' என்ற பெயரோடு 1937-ல் உலகுக்கு அறிமுகம் செய்தவர் கலிபோர்னியா சர்வகலாசாலையின் வில்லியம் கெரிக்கே. இருபத்தைந்து அடி உயரம் ஏறிய அவருடைய தக்காளிக் கொடிகளில் பழம் பறிக்க ஏணி வேண்டியிருந்தது. உப்புக் கணக்கைக் கொடும் என்று சர்வகலாசாலை கேட்க, அது சொந்த நேரத்தில் செய்த ஆராய்ச்சி என்று அவர் மறுக்க, மனஸ்தாபம் முற்றி, ஹோக்லண்ட், ஆர்னன் என்ற இருவர் அதைப் பரிசோதிக்கப் புகுந்து, நல்ல மண்ணில் விளைவதைவிட இதில் அதிகமாக ஒன்றும் விளைந்துவிடாது என்று 1938-ல் அறிக்கை வெளியிட்டார்கள். வேடிக்கை என்னவென்றால், அந்த அறிக்கையில் கண்ட உப்புக் கரைசல்தான், ஹோக்லண்டின் பெயராலேயே, இன்றைக்கும் உலகத்து ஆராய்ச்சிச் சாலைகளில் வழங்கி வருகிறது. நம் தேசத்திலும், 1946 வாக்கில் காலிம்பொங்கில் ஷோல்டோ டக்ளஸ் என்பவர், யந்திரம் வாங்க வசதியற்ற குடித்தனக்காரர்களை உத்தேசித்து, சரளையும் மணலும் நிரப்பிய தொட்டியில் உப்பைத் தூவித் தண்ணீர் தெளித்துப் பயிர் செய்யும் எளிய முறையொன்றை வகுத்து, அதை 'வங்காள முறை' என்று பிரசித்தப்படுத்தினார்.

பாளையங்கோட்டையில் எங்கள் மொட்டை மாடிக்கு இந்த சாஸ்திரம் வந்து சேர்ந்தபோது, முதல் ஆட்சேபணை பிளம்பரிடமிருந்து பிறந்தது. பி.வி.சி. குழாயில் அரையடிக்கு ஒரு துளை வீதம் போட வேண்டும் என்று நான் விவரித்ததை முழுக்கக் கேட்டுவிட்டு, அவர் கையிலிருந்த ரம்பத்தைக் கீழே வைத்தார். "அண்ணாச்சி, ஓட்டையை அடைக்கத்தான் எல்லாரும் என்னையக் கூப்பிடுவாவ. நீங்க என்னன்னா புதுக் குழாயில ஓட்டை போடச் சொல்லுதீய. நாளைக்கு ஒழுகுதுன்னு என்னைய வையக்கூடாது, பாத்துக்கிடுங்க" என்று வாக்குறுதி வாங்கிக்கொண்ட பிறகே வேலையைத் தொடங்கினார்.

துளைகளை விடக் கண்டிப்பானவை உப்புக்கள். கால்சியம் நைட்ரேட் ஒரு பாட்டிலிலும், சல்பேட்டும் பாஸ்பேட்டும் மற்றொரு பாட்டிலிலுமாகத் தனித்தனியேதான் இருக்கும். மனஸ்தாபமுள்ள சம்பந்திகளைக் கல்யாண மண்டபத்தில் எதிரெதிர் மூலைகளில் அமர்த்துவதற்கு ஒப்பான ஏற்பாடு இது; நிறையத் தண்ணீரின் மத்தியில் சந்தித்தால் சௌஜன்யமாக இருக்கும் இவை, கெட்டியாக நேருக்கு நேர் சந்தித்தால் வெள்ளை வண்டலாக அடியில் படிந்துவிடும்; படிந்த உப்பு செடிக்கு உதவாது. இதற்கு மேல் பி.எச். என்னும் கார அமில நிலை வேறு, 5.5-க்கும் 6.5-க்கும் இடையே நிற்க வேண்டும். சுண்ணாம்புச் சத்து மிகுந்த ஆழ்துளைக் கிணற்று நீர் இதற்கு இசையாது. சாயங்காலம் அமிலம் விட்டு இறக்கினால், பொழுது விடிவதற்குள் பழைய ஸ்தானத்துக்கு ஏறிவிடும்.

உப்புக்கே இத்தனை சம்பிரமம் என்றால், உப்புக்குப் பதில் மீனை நியமிக்கும் அக்வாபோனிக்ஸைப் பற்றிக் கேட்க வேண்டியதில்லை. அதற்காக மாடியில் நான் வைத்த தொட்டியில் நீந்தியவை, 1952-ல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டு, அதன் பிறகு நம் குளங்களையெல்லாம் சுவாதீனப்படுத்திக்கொண்ட ஜிலேபிக் கெண்டைகள். அவற்றின் தண்ணீரில் வளர்ந்த முதல் கட்டு வள்ளைக்கீரையை, பரம சைவரான அடுத்த வீட்டு ஆச்சிக்குக் கொண்டுபோய்க் கொடுத்தபோதுதான், எந்த விஞ்ஞானியும் எதிர்கொண்டிராத பிரச்சினை எழுந்தது.

"ஏய்யா, மீனு கெடந்த தண்ணியிலயா இது மொளைச்சுது?"

மீன் வெளிவிடும் அம்மோனியாவை நைட்ரோசோமோனாஸ் என்ற நுண்ணுயிர் நைட்ரைட்டாகவும், அதை நைட்ரோபாக்டர் என்ற மற்றொன்று நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன என்றும், அந்த நைட்ரேட்டே செடிக்கு ஆகாரம் என்றும், தொட்டியில் இந்த நுண்ணுயிர்கள் குடியேறி நிலைபெற நாலு முதல் ஆறு வாரம் பிடிக்கும் என்றும் நான் செய்த பிரசங்கத்தை ஆச்சி பொறுமையாகவே கேட்டார்.

"அப்போ மூத்திரந்தான?"

"இல்ல ஆச்சி, பெரும்பாலும் செவுள் வழியாத்தான் வெளிய வருது."

"செவுள் வழியா வந்தா மட்டும் பன்னீராயிருமோ?"

இதற்கு விஞ்ஞானத்தில் பதில் இல்லாமையால் நான் ஆற்றின் துணையை நாடினேன். ஆடி அமாவாசைக்குப் பாபநாசத்தில் படித்துறை மீன்களுக்குப் பொரி போட்டு, அந்த மீன்களுக்கு மத்தியிலேயே முழுகி எழுந்து, செம்பில் தீர்த்தமும் கொண்டுவருகிறீர்களே, அது மட்டும் சைவமா என்று கேட்டேன். ஆச்சி ஒரு கணமும் தயங்கவில்லை.

"அது ஓடுத தண்ணி. ஓடுத தண்ணிக்குத் தோஷம் கெடையாது. ஒன் தண்ணி ஓடுதா?"

"மோட்டார் போட்டா ஓடும், ஆச்சி."

"அப்போ மோட்டாரைப் போட்டுட்டுப் பறிச்சுக் குடு."

அக்வாபோனிக்ஸ் சாஸ்திரத்தின் சாரம் முழுவதும் இந்த ஒரே தீர்ப்பில் அடங்கியிருப்பதை நான் பிற்பாடுதான் உணர்ந்தேன். அம்மோனியாவை மாற்றும் நுண்ணுயிர்களுக்குப் பிராணவாயு வேண்டும். ஓடாத நீரில் அது குறைந்து, விஷம் மிஞ்சி, மீன் மாண்டுபோகும். பொதிகையில் பிறந்து 128 கிலோமீட்டர் ஓடிப் புன்னைக்காயலில் கடல் சேரும் தாமிரபரணி, எட்டு அணைக்கட்டுகளிலிருந்தும் கால்வாய் கால்வாயாகப் பிரிந்து, கெண்டையும் விராலும் அயிரையுமாக மீன்களோடுதான் வயலுக்குள் புகுகிறது. அம்மீன்களின் கழிவும் வண்டலும் கார், பிசானம் என்னும் இரு போக நெல்லுக்கும் உரமாகின்றன. ஆக, மீனைத் தட்டில் கண்டால் முகம் சுளிக்கும் எங்கள் ஊர் சைவர்கள், தலைமுறை தலைமுறையாக மீன் ஊட்டிய சோற்றைத்தான் சொதி ஊற்றிச் சாப்பிட்டு வருகிறார்கள். அந்த ஏற்பாட்டுக்கு மோட்டார் இல்லாதிருந்ததால் யாரும் கவனிக்கவில்லை, அவ்வளவே.

மாடித் தாமிரபரணியோ மின்சாரம் நின்றால் நின்றுவிடும். அதுவும் சித்திரை வெயிலில், 25 பாகை உஷ்ணத்தில் லிட்டருக்கு எட்டு மில்லிகிராம் அளவுக்குப் பிராணவாயுவைக் கரைத்துக்கொள்ளும் தண்ணீர், 35 பாகையில் ஏழுதான் கொள்ளும். மீனின் பசியும் மூச்சும் அதே உஷ்ணத்தில் அதிகரிப்பதால், மின்தடையின்போது அவை மேலே வந்து வாயைப் பிளப்பது கண்கொள்ளாத் துயரம். கொசுப் புழு தேடி டார்ச் விளக்கோடு மாடியேறிவரும் சுகாதாரப் பணியாளர் அம்மாள் ஒருவருக்கு மாத்திரம் இம்மீன்கள்மேல் பிரியம் உண்டு; புழுக்களை அவை மிச்சம் வைப்பதில்லை. மீனில்லாத வாளிகளைத்தான் அவர் மூடி திறந்து பார்ப்பார்.

இதைத் தொடங்க விரும்பும் அன்பர்களுக்குச் சில வார்த்தைகள். லெட்டூஸ் விதையை விற்பவர் எவ்வளவு வற்புறுத்தினாலும் கோடையில் வாங்காதீர்கள். நம் வெயிலில் அது கசந்து பூத்துவிடும். வாய்க்கால் கரையிலேயே பிறந்து வளர்ந்த வள்ளையும் வல்லாரையும் பொன்னாங்கண்ணியும் தண்ணீருக்குப் பழகியவை. முதலில் மோட்டார் இல்லாமல், ஹவாயின் பெர்னார்ட் கிராட்கி வகுத்த முறைப்படி, வெளிச்சம் புகாத ஒரு மூடிபோட்ட வாளியில் கரைசலை நிரப்பிக் கீரை வைத்துப் பாருங்கள். செடி குடிக்கக் குடிக்க நீர் இறங்கி, மேல் வேர்களுக்குக் காற்று கிடைக்கும். மீனுக்குப் போவதானால், ஐ.நா. உணவு, விவசாய அமைப்பு 2014-ல் வெளியிட்ட கணக்கை மனத்தில் கொள்ளுங்கள்: ஒரு சதுர மீட்டர் கீரைக்கு நாளொன்றுக்கு 40 முதல் 50 கிராம் மீன் தீவனம், 1000 லிட்டர் தண்ணீருக்கு 20 கிலோவுக்கு மேற்படாத மீன். மீனை அலுத்துப்போய் ஆற்றில் விட்டுவிடாதீர்கள். ஜிலேபிக் கெண்டை அங்கே ஏற்கெனவே அதிகம். கீரை மாத்திரம் வேண்டுமென்றால் கடைத்தெருவில் வாங்குவதே லாபம். ஆறு என்ன வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டுமென்றால், முதலில் மின்தடைக்கு ஒரு பாட்டரியை வாங்குங்கள். மீனைப் பிறகு வாங்கலாம்.