கோலே ஆடுவோர் கவனத்திற்கு

செஸ்ஸில் நாகரிகம் தெரிந்தவர்களை மனதாரப் பாராட்ட வேண்டும். சிசிலியன் நைடார்ஃபில் 20 நகர்வு தலைகீழ்ப் பாடம். காஸ்பரோவ் ஆடிய ஓப்பனிங். தெரு முனை கிளப்பில் அதற்குக் குறைந்து ஆடினால் மரியாதை என்னாவது? எதிராளி ஆறாவது நகர்வில் பாடத்தில் இல்லாததை ஆடுவார், ஒன்பதாவதில் நம் ராணி போகும். போகட்டும். தோற்றது உலகத் தரத்தில் அல்லவா!

இவர்களுக்கு நடுவே கோலே சிஸ்டம் ஆடும் சில பத்தாம்பசலிகள். டி4, குதிரை எஃப்3, இ3, மந்திரி டி3, சி3, இன்னொரு குதிரை டி2, கோட்டை கட்டு, பிறகு இ4. எதிரே என்ன நடந்தாலும் ஏறக்குறைய இதே வரிசைதான். ஒரு மத்தியானத்தில் படித்து முடித்துவிடலாம். வீடியோ வகுப்பு வேண்டாம், சந்தா வேண்டாம். நாட்டின் பொருளாதாரம் என்னத்துக்கு ஆகும்? இதை உடனே தடை செய்வதே நியாயம்.

பெல்ஜியத்து எட்கார் கோலே 1930-இல் நீஸ் நகரில் ஓ'ஹான்லனோடு இப்படித்தான் சாதுவாக உட்கார்ந்திருந்தார். 12-வது நகர்வில் அதே மந்திரியை எச்7-இல் பலி கொடுத்தார். ஆட்டம் அவருக்கே.

கோலே அன்பர்களே, ஜெயித்த பிறகாவது ரொம்பக் கஷ்டப்பட்டதுபோல் முகத்தை வைத்துக்கொள்ளுங்கள். எதிரே இருப்பவர் சந்தா கட்டியவர்.