பத்திரத்துக்குள் பாட்டனார்

கேள்வி: 1800களில் வாழ்ந்த எங்கள் பாட்டனாரைத் தேடுகிறேன். கிடைத்தவை சில கிரயப் பத்திரங்களும் ஒரு மொய் நோட்டும்தான். போதுமா?
- ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: தாராளமாக! அவர் நல்லவரா என்று பத்திரம் சொல்லாது. கடன்காரரா என்று கட்டாயம் சொல்லும். தகப்பன் பெயர், ஊர், நான்கெல்லை, பக்கத்து வயல்காரர் எல்லாம் அதில் இருக்கும். சாட்சிகளையும் விடாதீர்கள், பாதிப்பேர் மச்சான்களாக இருக்கக்கூடும். ‘தாது வருஷம்’ என்று மட்டும் இருந்தால் உஷார்: அது 1816-லும் வந்தது, 1876-லும் வந்தது. பின்னது என்றால் பஞ்சகாலம்; நிலத்தை ஏன் விற்றார் என்று கேட்கவே வேண்டாம். பேரனுக்குத் தாத்தா பெயர் வைக்கிற வழக்கத்தால் ஒரு தலைமுறை விட்டு ஒரு ராமசாமி நிற்பார். தகப்பன் பெயரோடு சேர்த்துப் பிடியுங்கள். மொய் நோட்டை மட்டும் சொந்தக்காரர்களிடம் காட்டாதீர்கள், பாக்கி இருக்கலாம்.