வல்வெட்டித்துறையிலிருந்து கோட்டை பார்க்கப் போதல்

இடைக்காலக் கோட்டை என்றதும் வல்வெட்டித்துறை வீடொன்றில் விரியும் படம், பெரும்பாலும் விடுமுறைக்கு ஊர் வரும் லண்டன் உறவினரின் கைபேசியிலிருந்து இறங்கியதாகவே இருக்கும். கூம்புக் கோபுரங்களும் மலைமுகடும் பனிமூட்டமுமாக அதில் முதலிடம் பெறும் ஜெர்மனியின் நொய்ஷ்வான்ஸ்டைன் மாளிகை 1869 இல், அதாவது ஆறுமுக நாவலர் உயிரோடிருந்த காலத்தில், கட்டத் தொடங்கப்பட்டது என்பதையும், இடைக்காலத்தின்மேல் ஆசை கொண்ட பவேரிய மன்னர் ஒருவரின் செல்லச் செலவே அது என்பதையும் படத்தைக் காட்டுபவரும் அறியார், பார்ப்பவரும் கேளார். அந்த உறவினர், “இஞ்சையும் ஒரு கோட்டை இருக்குத்தானே, பிள்ளையளுக்குக் காட்டவேணும்” என்று தேநீர்க் கோப்பையை வைத்துவிட்டுச் சொல்லும் கணத்தில், ஏறத்தாழ முப்பது கிலோமீற்றர் தொலைவிலுள்ள யாழ்ப்பாணக் கோட்டையை நோக்கிய பயணத்தின் திட்டமிடல் தொடங்குகிறது.

முதற்கட்டம் கொள்கைவிளக்கம் ஆகும். எந்தக் குடும்பத்திலும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் இருப்பார், அவர், “கோட்டையெண்டால் ராசா இருந்த இடமெல்லோ? பறங்கி இருந்த இடத்தைப் பாக்க ஏன் வான் பிடிக்கவேணும்?” என்று வினவுவார். வினாவில் நியாயம் இல்லாமல் இல்லை. யாழ்ப்பாணத்தின் மெய்யான இடைக்கால அரண்மனை ஆரியச்சக்கரவர்த்திகள் ஆண்ட நல்லூரில் இருந்தது. 1619 இல் போர்த்துக்கேயர் அவ்வரசை முடித்துவைத்த பின்னர், சங்கிலியன் தோப்பு வளைவு, மந்திரிமனை, யமுனா ஏரி ஆகியவை மட்டும் அதன் பெயரைச் சொல்லி நிற்கின்றன. அவற்றிலும் வளைவும் மனையும் இன்றுள்ள தோற்றத்தில் பிற்காலத்தவை என்று கருதுவோர் உளர். இடிக்கப்பட்ட நல்லூர்க் கோயிலின் கற்கள் கோட்டை கட்டச் சென்றன என்பது மரபுவழிச் செய்தி. சோழர் காலக் கல்வெட்டொன்று கோட்டைக்குள் கிடைத்திருப்பதும் பழைய கற்கள் அங்கே குடிபெயர்ந்ததற்குச் சான்றாகலாம். ஆகவே ராசா இருந்த இடத்தைப் பார்க்க விரும்புபவரும் பறங்கியின் மதிலைத்தான் உற்றுப் பார்க்கவேண்டும் என்று மருமகன் ஒருவர் வாதிட, ஆசிரியர் சம்மதிக்கிறார். ஆனால் வானில் முன் இருக்கை தமக்கே என்ற நிபந்தனையோடு.

அடுத்தது நாள் குறித்தல். யாழ்ப்பாணத்தில் பஞ்சாங்கம் இருவகை: பழைய சூத்திர வாய்பாடுகளின்படி கணிக்கப்படுவது வாக்கியம், வானியல் அவதானிப்பால் திருத்தப்பட்டது திருக்கணிதம். இரண்டும் முரண்படும் நாள்களில் ஒன்றை நம்பி ஒருவர் புறப்படுவதும் மற்றதை நம்பி இன்னொருவர் வீட்டில் நிற்பதும் இயல்பு. உறவினர் வருவது ஆவணியை ஒட்டிய மாதங்களில் என்பதால், நல்லூர்க் கந்தன் திருவிழாவின் இருபத்தைந்து நாள்களில் வீதி மறிப்பு, பிறகு செல்வச்சந்நிதித் திருவிழா, இடையே யாரோ ஒருவரின் அந்திரட்டி, அதாவது இறந்தோர்க்கு முப்பத்தோராம் நாளளவில் செய்யும் கிரியை, என்று நாட்காட்டி நிரம்பிவிடுகிறது. 1658 இல் ஒல்லாந்தர் இதே கோட்டையை மூன்று மாதங்களுக்கு மேல் முற்றுகையிட்டே உள்ளே புகுந்தனர். அன்று கதவு சாத்தியிருந்தது என்பதை அவர்களுக்குச் சாதகமாகச் சொல்லவேண்டும்.

இத்தாமதத்தை ஊரின் இயல்பான சோம்பலாகக் கொள்வது பெரும்பிழை. வேதாரணியத்துக்கும் நாகபட்டினத்துக்கும் ரங்கூனுக்கும் பாய்க்கப்பல் ஓட்டிய ஊர் இது. இங்கே கட்டப்பட்ட அன்னபூரணி என்னும் கப்பல், அமெரிக்கர் ஒருவருக்கு விற்கப்பட்டு, வல்வெட்டித்துறைத் தண்டையலோடும் மாலுமிகளோடும் 1938 இல் மாசச்சூசெற்ஸின் குளொஸ்ரர் துறைமுகத்தை அடைந்தது. தண்டையல் என்பவர் பாய்க்கப்பலின் தலைவர். காற்று எழும்பியதும் “ஏறு” என்று ஒரு சொல் சொல்வார், எல்லோரும் ஏறிவிடுவர். வானுக்குத் தண்டையல் இல்லை. பதினான்கு பேர் இருக்கக்கூடிய வானுக்குப் பத்தொன்பது பேர் பெயர் கொடுத்திருக்க, ஒவ்வொருவரும் தண்டையலாகவே விளங்குகின்றனர்.

சாப்பாட்டு ஏற்பாடு தனிநூலுக்குரியது. புளிச்சாதம் வாழையிலையில் கட்டப்படும். பருத்தித்துறை வடை என்று பெயர்பெற்ற தட்டை வடை பிஸ்கட் ரின்னில் அடுக்கப்பட்டு, நமுத்துப்போகாதபடி மூடிக்கும் ரின்னுக்கும் இடையே செய்தித்தாள் வைத்து அழுத்தப்படும். அதைத் திறக்கும் உரிமை பெரியம்மாவிடம் மட்டும் இருக்கும். லெனார்ட் வூல்ஃப் என்ற ஆங்கிலேயர் 1905 இல் யாழ்ப்பாணக் கச்சேரிக்கு, அதாவது அரசாங்க அலுவலகத்துக்கு, வேலைக்கு வந்து கோட்டையில் குடியிருந்தபோது, வோல்ட்டயரின் தொண்ணூறு தொகுதிகளையும் ஒரு நாயையும் இலங்கைக்குக் கொண்டுவந்திருந்தார். பொதி மிகுந்த பயணத்துக்கு இதுவே கோட்டையின் சாதனை என்று எண்ணுவோர், பெரியம்மாவின் பைகள் ஏறுவதைக் கண்டதில்லை.

தொண்டைமானாறு, அச்சுவேலி வழியா, உடுப்பிட்டி, வல்லை வழியா என்ற தர்க்கத்தைச் சாரதி பேசாமல் திருப்பி முடித்துவைக்கிறார். வல்லை முனியப்பரிடம் இறங்கி ஒரு கற்பூரம்; புத்தூருக்கு அருகே நிலாவரைக் கிணற்றைப் பிள்ளைகளுக்குக் காட்டவென இன்னொரு நிறுத்தம்; கோட்டைக்கருகிலும் முனியப்பர் இருப்பதால் அங்கே ஒரு தேங்காய். காலை ஆறுமணிக்குப் புறப்படுவதாயிருந்த பயணம் கோட்டை வாசலை அடையும்போது நடுப்பகல் வெயில் பவளக்கல் மதிலில் பட்டுக் கண்ணைக் கூசவைக்கிறது.

இங்கேதான் லண்டன் பிள்ளைகள் ஏமாறுகின்றனர். உயர்ந்த மதிலைப் பீரங்கி எளிதில் சரித்துவிடும் என்பதை ஐரோப்பியர் கண்டுகொண்ட பின்னர் எழுந்த கோட்டைகள் தாழ்ந்தும் தடித்தும் அகழிக்குப் பின்னே பதுங்கியும் கிடக்கும். யாழ்ப்பாணக் கோட்டை அத்தகைய ஐங்கோணம். மூலைதோறும் கொத்தளம், அதாவது பீரங்கி வைப்பதற்காக மதிலுக்கு வெளியே துருத்திய மேடை, ஐந்துக்கும் ஒல்லாந்து மாகாணங்களின் பெயர்கள். தெருவிலிருந்து பார்ப்பவருக்குப் புல்மேடு ஒன்றே தெரியும். மதிலின்மேல் ஏறி நின்றுகொண்டே சிறுவன் “காசில் எங்கே?” என்று கேட்கிறான். உட்கோட்டையை 1680 அளவில் முடித்த ஒல்லாந்தர் வெளியரண்களை 1792 இல்தான் நிறைவுசெய்தனர். மூன்றே ஆண்டுகளில், 1795 இல், அதைப் போரின்றி ஆங்கிலேயரிடம் கையளித்தனர். இவ்வளவு நீண்ட ஆயத்தத்துக்குப் பின் இவ்வளவு சுருக்கமான பயன் என்பதைக் கேட்டதும் குடும்பத்தாருக்கு ஒல்லாந்தர்மேல் முதன்முறையாகப் பாசம் பிறக்கிறது.

ஆசிரியர் மட்டும் உள்ளே அதிகம் நடப்பதில்லை. உள்நாட்டுப் போரில் கோட்டையிலிருந்து நகரத்துக்கு ஷெல் வந்த காலத்தை அவர் அறிந்தவர்; 1990 முற்றுகையில் அழிந்த, 1706 இல் கட்டப்பட்ட ஒல்லாந்தர் தேவாலயத்தின் இடிபாட்டருகே சற்று நின்றுவிட்டு, தண்ணீர்ப் போத்தலைக் கேட்டு வாங்கிக்கொண்டு வாசலுக்குத் திரும்புகிறார். அவரை யாரும் வற்புறுத்துவதில்லை.

மொத்தத்தில் கோட்டைக்கு முக்கால் மணிநேரமும் நல்லூரடிக் கூல்பாருக்கு, அதாவது ஐஸ்கிரீம் கடைக்கு, ஒன்றரை மணிநேரமும் செலவாகின்றன. திரும்பும் வழியில் அத்தான் ஒருவர், காரைநகருக்கும் ஊர்காவற்றுறைக்கும் இடையே கடலுக்குள் நிற்கும் கடற்கோட்டையைப் பற்றிப் பேச்செடுக்கிறார்: இப்போது அது கடற்படை நடத்தும் விடுதி, படகில்தான் போகவேண்டும், நாலு பக்கமும் தண்ணீர், பிள்ளைகளுக்கு அதுதான் சரியான கோட்டை. தண்டையல் ஒருவரின் பேத்தியான பெரியம்மா, படகென்றால் தமக்குத் தலைசுற்றும், கரையிலேயே இருந்துகொள்வதாகச் சொல்ல, அவருக்குத் துணையாகக் கரையில் யார் இருப்பது என்ற ஆராய்ச்சி நீர்வேலியில் தொடங்கி வல்லை வெளியையும் தாண்டிப் போகிறது.